அதிலை இருக்காதேங்கோ

ஹெவ்லொக் டவுனில் கதிரைகளுக்குக் குறைவில்லை. இருக்கத்தான் இடமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டிக்மன்ஸ் வீதிப் பக்கமாக ஒரு தொடர்மாடியின் ஏழாவது மாடிக்கு இக்கட்டுரையாளர் பிறந்தநாள் விருந்தொன்றுக்குப் போயிருந்தார். ஹோலில் எட்டுக் கதிரைகள் நின்றன. முதலாவதை நோக்கிக் குனிந்தபோது, "ஐயோ அண்ணை, அதிலை இருக்காதேங்கோ! பிரம்பு விட்டிரும்" என்றார் வீட்டுக்காரி. இரண்டாவதற்கு ஒரு கால் ஆட்டமாம். மூன்றாவதற்குப் போன கிழமைதான் பொலிஷ் அடித்ததாம், உடுப்பில் ஒட்டுமாம். நான்காவதற்கு விளக்கமே வரவில்லை. வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றுவிட்டார். கடைசியில் குசினிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை வந்தது. மனிதப் பாரத்தைத் தாங்கும் தகுதி அந்த வீட்டில் அதற்கு மட்டுமே இருந்தது. கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எட்டு வெறுங் கதிரைகளைப் பார்த்தபடி விருந்து முடியும்வரை அதில் இருந்துவிட்டு வந்தவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வாசகர் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டு மூலையிலும் ஒன்று நிற்கிறது. அதன்மேல் பழைய பத்திரிகைக் கட்டு இருக்கிறது. மனிதர் யாரும் இருப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வரலாம். வீட்டுக்குப் பொருத்தமான பழைய தளபாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதித் தர இக்கட்டுரையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மூன்று விதிகள் இருக்கின்றன. மூன்றும் சின்ன விதிகள். ஒரு பந்திக்குள் அடங்கும். அதற்கு முன் இந்த வயதுப் பிரச்சினையை மட்டும் முடித்துக்கொள்வோம்.

பழசு என்றால் எவ்வளவு பழசு? உலகம் வைத்திருக்கும் கணக்கு நூறு வருடம். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கலாரசிகர்கள் என்று நினைத்தால் தவறு, சுங்கக்காரர்கள். 1930ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்வைச் சட்டம், 1830க்கு முன் செய்த கலைப்பொருட்களை வரியில்லாமல் உள்ளே விட்டது. 1966ல் அந்த ஆண்டைத் தூக்கிவிட்டு, நூறு வயதானால் போதும் என்று மாற்றினார்கள். யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டுச் சாசனமும் நூறு வயது தாண்டிய தளபாடத்தைக் கலாசாரச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வரும் சாமானை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஏழாவது மாடிக்குக் கொண்டுபோகத் தடையில்லை. சட்டம் இயற்றியவர்கள் அந்த ஆபத்தை யோசிக்கவில்லை.

அன்டீக்குக்கு நூறு வயதென்றாவது ஒரு கணக்கு உண்டு. விண்டேஜுக்கு அதுவும் இல்லை. இருபது வருடம் என்பார் ஒருவர், நாற்பது என்பார் இன்னொருவர். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இக்கட்டுரையாளர் எப்போதோ விண்டேஜ் ஆகிவிட்டார். வீட்டில் ஒருவரும் பொலிஷ் அடித்துப் பார்க்கவில்லை.

கடைக்காரரிடம் இந்த நூறு வருடக் கதை எடுபடாது. அவருக்குத் தெரிந்த காலம் ஒன்றே ஒன்றுதான்: ஒல்லாந்தர் காலம். கால் கடைந்திருந்தால் ஒல்லாந்தர். பித்தளைக் கைபிடி இருந்தால் ஒல்லாந்தர். இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாவிட்டால் சந்தேகமே இல்லை, ஒல்லாந்தர். இலங்கைக் கரையோரத்தில் அவர்கள் ஆட்சி 1658 முதல் 1796 வரை, 138 வருடம். காலி வீதி நெடுகிலும் கடை வாசல்களில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், அந்த 138 வருடமும் அவர்கள் கறுவா உரிப்பிக்கவில்லை, கால்வாய் வெட்டவில்லை, கண்டி மன்னனோடு சண்டை பிடிக்கவில்லை. இரவு பகல் பாராமல் கதிரை செய்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

அவர்கள் காலத்துத் தளபாடம் உண்மையில் எப்படி இருந்தது என்பதை ஆர். எல். புரோஹியர் 1969ல் ஒரு புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் தேசாதிபதி தோமஸ் வான் ரீ 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு ஆஸ்பத்திரி, பொலிஸ் பயிற்சி நிலையம், தபாற்கந்தோர் என்று பல பிழைப்புப் பிழைத்து, 1982ல் ஒல்லாந்தர் கால நூதனசாலை ஆனது. தேசிய நூதனசாலையில் இருக்கும் கண்டி மன்னர் சிம்மாசனமும் ஒல்லாந்தர் கொடுத்ததுதான். இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு 1693ல் வந்தது. கடைசியில் வந்த நாயக்க மன்னர்கள் நால்வர் வரைக்கும் அதில் இருந்து அரசாண்டார்கள். 1815ல் இராச்சியம் போனபின் வெள்ளைக்காரர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வின்ட்சர் கோட்டையில் வைத்தார்கள். 1934ல் திரும்பி வந்தது. இலங்கையில் "அதிலை இருக்காதேங்கோ" என்று சொல்ல நியாயமுள்ள ஒரு கதிரை உண்டென்றால் அது இது. அதைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எட்டுக் கதிரை வைத்திருக்கும் அன்பருக்கும் அந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்யலாம்.

மிச்சமெல்லாம் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் மொறட்டுவையிலிருந்து. ஒல்லாந்தர் போய் வெள்ளைக்காரர் வந்தபின், கறுவாத்தோட்டத்திலும் பம்பலப்பிட்டியிலும் பெரிய வீடுகள் எழுந்தபோது, அவற்றை நிரப்பியவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். புறக்கோட்டையில் டொன் கரோலிஸ் தளபாடக் கம்பனி 1860ல் தொடங்கியது. அநகாரிக தர்மபாலரின் தகப்பனாருடையது. நம் பாட்டன்மார் காசு எண்ணிக் கொடுத்துப் புதிதாக வாங்கியவற்றைத்தான் நாம் இப்போது 'ஒல்லாந்தர்' என்று வாங்குகிறோம். தச்சுப் பாஸின் கைவேலை நல்ல வேலை; அவருடைய பெயரைச் சொன்னால் விலை பாதியாகிவிடும்.

வயதைக் கூட்டிச் சொல்வது கொழும்புக்காரரின் குற்றம் மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டில் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு, லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோபெரி ஹில் என்ற தன் மாளிகைக்குக் கருங்காலிக் கதிரைகளைத் தேடித் தேடி வாங்கினார். கடைந்த கால், முறுக்கிய கம்பு, உடம்பெல்லாம் செதுக்கு வேலை. எட்டாம் ஹென்றி காலத்தவை, கார்டினல் வோல்சி வீட்டில் புழங்கியவை என்று மனப்பூர்வமாக நம்பினார். அவரைப் பார்த்து இங்கிலாந்துக் கனவான்கள் பலரும் நம்பினார்கள். அந்த வகைக் கதிரைகள் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில், நம் பக்கத்துத் தச்சர்கள் செய்து கப்பலேற்றியவை. வால்போல் மட்டும் அம்பலாங்கொடைப் பக்கம் வந்திருந்தால் பழஞ்சாமான் கடை முதலாளிமார் தோளில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

மரத்தின் கதையும் இதுதான். வெள்ளைக்காரர் கலமண்டர் என்றும் சிங்களத்தில் களு மெதிரிய என்றும் சொல்லும் கறுப்பும் கபிலமும் கோடோடிய மரம் இலங்கையில் மட்டும் வளர்வது. அது அருகிப்போய்விட்டதை எமர்சன் டென்னன்ட் 1859ல் வெளிவந்த தன் நூலிலேயே எழுதிவிட்டார். அதனால் என்ன, கடையில் கேட்டால் இருக்கிறது. நேற்றுப் பூசிய கறுப்புச் சாயத்தோடு, பலாமரத்தில் இருக்கிறது.

வயதை விடுவோம். உண்மையில் ஹெவ்லொக் டவுனை ஆட்டிப்படைப்பது சாய்மனைக் கதிரை.

சாதாரணச் சாய்மனை இல்லை. தோட்டத்துரைமாரின் நீட்டுக்கைச் சாய்மனை. இருக்கையும் முதுகும் ஒரே பிரம்புப் பின்னலாகச் சரிந்து இறங்கும். இரண்டு கைகளும் முழங்காலைத் தாண்டி முன்னே போகும். சிலவற்றில் கைக்குக் கீழே இன்னொரு பலகை மடிந்திருக்கும். அதையும் சுழற்றி முன்னே விடலாம். விட்டால் ஐந்தடி நீளத்துக்குக் குறையாது. கண்டியிலும் நுவரெலியாவிலும் கோப்பி வளர்த்து, கோப்பியில் பூஞ்சணம் விழுந்தபின் தேயிலை வளர்த்த துரைமாருக்காகச் செய்த சாமான் அது. மாலையில் தோட்டம் சுற்றி வந்த துரை பங்களா விறாந்தையில் அதில் விழுவார். வலது காலைத் தூக்கி வலது கையின் மேல், இடது காலைத் தூக்கி இடது கையின் மேல். பையன் வந்து சப்பாத்தைக் கழற்றுவான். இன்னொரு பையன் விஸ்கி கொண்டுவருவான். எதிரே மலை, மலைக்கு அப்பால் இன்னொரு மலை. அதை வடிவமைத்தவன் முன்னால் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும் என்று நம்பித்தான் வடிவமைத்தான்.

ஹெவ்லொக் டவுனில் அதன் முன்னால் இருப்பது டீவி.

பன்னிரண்டடி ஹோலில் டீவிக்கு ஒன்றரை அடி, சோபாவுக்கு மூன்றடி, நடுவில் இந்தத் துரைமகன். பல்கனிக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் அவன் கைகளைச் சுற்றித்தான் போக வேண்டும். பல்கனியில்தான் உடுப்புக் காயப்போடும் கொடி. ஈர உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு, கூடைக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நடந்துவரும் ஆச்சிமாருக்கு அந்தக் கைகள் சரியாக முழங்கால் சில்லின் உயரத்தில் நிற்கின்றன. அந்த வட்டாரத்து எண்ணெய்ப் போத்தல்களெல்லாம் ஆச்சிமாரின் முழங்காலில்தான் முடிகின்றன.

சரி, இருக்கிறவருக்காவது சுகமா? துரை கால் போட்டதுபோல் நாம் போட்டுப் பார்க்க வேண்டும். சாரம் கட்டியவர் அந்த நிலையில் ஹோலில் இருக்க முடியாது. எதிரில் சாமிப் படம் இருக்கிறது. சேலை கட்டியவர் நினைத்தும் பார்க்க முடியாது. ஜீன்ஸ் போட்டவர் முயலலாம். முதல் முயற்சியில் ஒரு சத்தம் கேட்கும், அது பிரம்பா ஜீன்ஸா என்று எழும்பித்தான் பார்க்க வேண்டும். எழும்புவது அடுத்த பிரச்சினை. இருக்கை பின்பக்கம் சரிந்து தாழ்ந்து கிடக்கும். துரையை எழுப்ப ஆள் இருந்தது. இங்கே கீழே காஸ் சிலிண்டர்க்காரன் பெல் அடித்து, இவர் முதலில் ஒரு காலை இறக்கி, பிறகு மற்றக் காலை இறக்கி, இரண்டு கைகளையும் பிடித்து முன்னே ஆடி ஆடி உந்தி எழும்பும்போது அவன் கிருலப்பனைப் பாலத்தைத் தாண்டியிருப்பான்.

ஆகவே ஒருவரும் அதில் இருப்பதில்லை. கைகள் மட்டும் உழைக்கின்றன. வலது கையில் ரிமோட், சார்ஜர், மூக்குக்கண்ணாடி, பாதி குடித்த தேத்தண்ணி. இடது கையில் ரியூசன் கொப்பிகள், காயாத மேசு, மின்சாரச் சபையின் சிவப்புக் கடிதம். பிள்ளைகளுக்கு இரண்டு கைகளும் இரண்டு குதிரைகள். மூத்தது வலதில் ஏறினால் இளையது இடதில் ஏறும்; இளையது இறங்கினால் முழுத் தோட்டமும் மூத்ததோடு கவிழும். பூனை உள்ள வீட்டில் பிரம்பு பூனைக்கு. நகத்துக்கு அதைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை என்பது அதன் தீர்ப்பு.

யாழ்ப்பாணத்து விறாந்தைகளிலும் சாய்மனை இருந்தது. கம்பில் துணி கோத்தது. வேலை முடிந்ததும் மடித்துச் சுவரில் சாத்திவிடலாம். கைகளை அடக்கமாக வைத்துக்கொள்ளும். படலையைப் பார்த்தபடி போட்டிருப்பார்கள். யார் வருகிறார், யார் வரவில்லை என்ற கணக்கெல்லாம் அதிலிருந்துதான் எடுக்கப்படும். அதிலும் வேறொருவரும் இருக்கக் கூடாதுதான். காரணம் பிரம்பு விட்டுவிடும் என்பதில்லை, அப்பப்பா வந்துவிடுவார் என்பது. அந்தத் தடையில் ஒரு மரியாதை இருந்தது. ஏழாவது மாடியில் யார் வரப்போகிறார் என்று கதிரையைக் காலியாக வைத்திருக்கிறார்கள்? எந்தத் துரைக்காக?

இன்னும் ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. இந்தக் கதிரையைத் தனியாக விற்க மாட்டார்கள். சோடியாகத்தான் விற்பார்கள். "மாத்தயா, ஒண்டை எடுத்தா மத்தது பாவம்" என்பார் முதலாளி. சோடியாக வாங்கியவர் இரண்டையும் எதிரெதிரே போட்டால் கைகள் நடுவில் முட்டும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கதவு திறக்காது. ஒன்றைப் படுக்கையறையில் போட்டால் அதன்மேல் உடுப்புக் குவியும்; ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் ஒரு கதிரை இருப்பதே மறந்துபோகும். ஒருவர் ஒன்றை நிமிர்த்திச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார். கேட்டால் அது ஒரு "ஸ்டேட்மென்ட் பீஸ்" என்கிறார். என்ன ஸ்டேட்மென்ட் என்று அவருடைய மனைவியிடம் கேட்டால் தெரியும்.

சாய்மனையைப் பற்றி இவ்வளவு போதும். அதன் கைகளில் கிளாஸ் வைக்கக் குழி தோண்டியிருக்கும் வகையைப் பற்றி வேறொரு சந்தர்ப்பத்தில் எழுதலாம்.

சொந்தத் தாத்தாவின் சாமான் இருக்க அடுத்தவன் தாத்தாவின் சாமானுக்கு ஏன் அலைகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஊருக்குப் புதியவர்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் 1983 ஜூலையில் வீடுகளோடு அலுமாரிகளும் எரிந்தன. அவற்றுக்குள் இருந்த கல்யாணக் கூறைகளும் காணி உறுதிகளும் சேர்ந்து எரிந்தன. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, நெல்லும் நகையும் வைத்துப் பூட்டும் சில்லுவைத்த பெட்டகங்கள் சைக்கிள் கரியரில் ஏறவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தவர்களில் பலருக்கு யன்னல் நிலையும் மிஞ்சவில்லை. இன்னொரு பக்கம், 1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பறங்கிக் குடும்பங்கள் ஏலத்தில் விட்டுப்போன சாமான்கள் கொழும்பில் கைமாறிக் கைமாறி நின்றன. எரிந்த அலுமாரி இருந்த இடத்துக்குப் போனவனின் அலுமாரி வந்து சேர்ந்தது. இதில் பகிடிக்கு ஒன்றுமில்லை.

பகிடி அதன் பிறகு தொடங்குகிறது. "எங்கட அப்பப்பாவின்ரை" என்று விருந்தாளிக்குக் காட்டும்போது. அப்பப்பா கரவெட்டியில் பாயில் படுத்தவர்.

சாமான் உண்மையில் பழசா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்களை ஒரு கடைக்குக் கூட்டிப் போவதுதான் தண்டனை. இக்கட்டுரையாளருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் கடைக்குள் நுழைந்ததும் மேசைக்கு மேலே பார்க்கவே மாட்டார். போன் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவார். அங்கிருந்து அசரீரியாகத் தீர்ப்புகள் வரும்.

அவர் சொல்வது பிழையில்லை. லாச்சியை முழுதாக இழுத்தெடுத்துக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வார். முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் பல்லுக்குள் பல்லாகக் கோத்திருக்கும் மூலையில் டோர்ச்சைப் பிடித்தால், கைவாளால் அறுத்ததென்றால் ஒரு பல் பெரிசு, ஒரு பல் சிறிசு. தச்சர் குறி வைத்த மெல்லிய கீறல் ஓரத்தில் இன்னும் கிடக்கும். மெஷின் அறுத்திருந்தால் எல்லாம் ஒரே அளவு. அடிப்பலகையில் வாள் தடம் நேர்கோடாக இருந்தால் கை. வளைகோடாக இருந்தால் வட்டவாள். திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியவற்றுக்கு நுனி மொட்டை. வட்ட மேசையை நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்க வேண்டும். மரம் நாருக்குக் குறுக்கே சுருங்குவதால், பழைய வட்டம் சரியான வட்டமாக இருக்காது. பிரம்பை ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்துப் பின்னியிருக்கிறதா, அல்லது பாயாக நெய்து வந்ததைப் பள்ளத்தில் அழுத்தி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உளு அரித்த ஓட்டை வட்டமாக இருந்தால் பூச்சி வெளியேறிய வாசல். மேற்பரப்பில் நீளவாட்டில் சுரங்கம் தெரிந்தால், அரித்த பிறகு யாரோ சீவியிருக்கிறார்கள். பழைய மரத்தில் புதிய கதிரை.

இவ்வளவும் பார்த்து முடிய இரண்டு மணித்தியாலமாகும். கடைக்காரர் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். முகாமையாளர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பி, "நல்ல சாமான்" என்பார். வாங்க மாட்டார். இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை. அவருடைய வீட்டில் எல்லாம் தவணைக் காசுக்கு எடுத்த புதுச் சாமான். எல்லாக் கதிரையிலும் இருக்கலாம்.

இனி விதிகள்.

முதலாவது விதி, லிஃப்டின் கதவை அளக்க வேண்டும். எட்டுப் பேர் ஏறும் லிஃப்டின் கதவு வழக்கமாக 80 சென்ரிமீற்றர். பழைய அலுமாரி ஏழடி உயரம், நாலடி அகலம். பதினாலடிக் கூரை இருந்த வீட்டுக்குச் செய்தது. தொடர்மாடியின் கூரை ஒன்பதடி. ஹெவ்லொக் டவுனின் பெயருக்கே நூறு வயது தாண்டிவிட்டது. 1890 முதல் 1895 வரை இங்கே தேசாதிபதியாக இருந்து, பிறகு சென்னைக்கு ஆளுநராகப் போன சேர் ஆதர் எலிபாங்க் ஹெவ்லொக்கின் பெயர் அது; அவருடைய நடுப்பெயரைத் தாங்கியும் பக்கத்தில் ஒரு வீதி இருக்கிறது. அந்தக் காலத்துப் பங்களாக்களுக்கு அளவெடுத்த தளபாடம் இன்னும் உயிரோடு இருக்கிறது, பங்களாக்கள்தான் போய்விட்டன. வெள்ளவத்தை நூல் ஆலை நின்ற காணியிலேயே இப்போது ஹெவ்லொக் சிட்டி கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கிறது. பெரிய சாமான் சின்ன வீட்டைத் தேடி அலைகிறது.

பழைய அலுமாரிகளைக் கழற்றலாம் என்பார்கள். உண்மைதான். மகுடம் தனி, உடம்பு தனி, அடி தனியாக வரும். ஆட்கள் நாலு பேர் கீழே கழற்றி, படியால் சுமந்து, மேலே பூட்டித் தருவார்கள். பூட்டி முடித்ததும் ஒரு கட்டை மிஞ்சும். எந்த வீட்டிலும் மிஞ்சும். "அது தேவையில்லை மாத்தயா" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிவிடுவார்கள். அன்று முதல் ஐப்பசி மழைக்குக் கதவு இறுகும், ஏசி போட்டால் பலகை வெடிக்கும், அந்தக் கட்டை ஒவ்வொரு இரவும் வீட்டுக்காரரின் நித்திரையில் வரும்.

வீட்டுக்குச் சாமானைப் பொருத்திய மேதை என்று எல்லோரும் ஜெப்ரி பாவாவைக் காட்டுகிறார்கள். பகத்தலே வீதி 33ஆம் ஒழுங்கையில் அவருடைய 11ஆம் இலக்க வீட்டைப் பார்க்கப் போய்வந்தவர்கள் அடுத்த கிழமையே கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே செட்டிநாட்டுத் தூண் நிற்கிறது, பழைய கதவுகள் நிற்கின்றன, வாசலில் பழைய ரோல்ஸ் ரொய்ஸ் நிற்கிறது, எல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி இருக்கிறது. ரகசியம் எளிது. 1958ல் வரிசை வீடுகளில் ஒன்றில் தொடங்கியவர், காலப்போக்கில் வரிசையில் இருந்த நான்கையும் வாங்கிச் சேர்த்து ஒன்றாக்கினார். சாமானுக்கு இடம் போதாவிட்டால் பக்கத்து வீட்டை வாங்குவது மிக நல்ல முறை. ஹெவ்லொக் டவுனில் பக்கத்து பிளாட்டின் விலையைக் கேட்டுவிட்டு இதைப் பின்பற்றலாம்.

இரண்டாவது விதி, சாமானை அது செய்யப்பட்ட வேலைக்கே வைத்துக்கொள்ள வேண்டும். இதை ஒருவரும் கேட்பதில்லை. ஆட்டுக்கல்லில் தாமரை வளர்க்கிறார்கள். பெட்டகத்தின்மேல் கோப்பிக் கோப்பை வைக்கிறார்கள். கோப்பையை எல்லாம் இறக்கினால்தான் பெட்டகம் திறக்கும், ஆகவே அது திறப்பதே இல்லை, உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியாது. கதவை மேசையாக்குகிறார்கள், மேசையைக் கட்டிலாக்குகிறார்கள். எல்லாவற்றையும் விட அநியாயம் சிங்கர் மெஷினுக்கு நடக்கிறது.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877ல். வடக்கிலும் தெற்கிலும் எத்தனையோ தாய்மார் அந்த மெஷினை மிதித்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அதன் தலையில் ஒரு தொடர் இலக்கம் பொறித்திருக்கும். அந்த இலக்கத்தை வைத்து எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று கண்டுபிடித்துவிடலாம். கொழும்பில் முதலாளி சத்தியம் பண்ணாமலே வயதை நிரூபிக்கக்கூடிய வீட்டுச் சாமான் அநேகமாக அது ஒன்றுதான். நம் ஆட்கள் அந்தத் தலையைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, காலை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். காலின் மேல் கைகழுவும் பேசின் பூட்டுகிறார்கள். எழுதுமேசை ஆக்குகிறார்கள்.

பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் இரண்டு சிங்கர் கால்களைச் சேர்த்து மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை செய்திருக்கிறார்கள். மிதிகளை இறுக்கிக் கட்டவில்லை. கட்டினால் அழகு போய்விடுமாம். கால் வைத்தால் மிதி ஆடும், மிதி ஆடினால் சில்லு சுற்றும், சில்லு சுற்றினால் கண்ணாடி நடுங்கும், கண்ணாடி நடுங்கினால் சொதி சிந்தும். இடியப்பம் வரத் தாமதமான அன்று மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கதைத்தபடி, தம்மை அறியாமல், ஆளாளுக்கு மிதிக்கத் தொடங்கினார்கள். தேர்தலைப் பற்றிக் கதை வந்தபோது வேகம் கூடியது. மேலே மெஷின் இருந்திருந்தால் ஒரு யூனிபோர்ம் தைத்து முடிந்திருக்கும். வீட்டுக்காரர் மட்டும் மிதிக்கவில்லை. அவர் இரண்டு கைகளாலும் சொதிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது விதி என்னவென்று இக்கட்டுரையாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.